ஊசி போன வழி

ஸ்வோல்லெ ஊரின் கோடியில்
ஜன்னல் இல்லாத அச்சகத்தில் பாஸ்போர்ட் தைக்கிறேன்.
திங்களும் செவ்வாயும் வடக்கே ஒரு பணக்கார நாட்டுக்கு.
இந்தப் புதனன்று வந்திறங்கியது
எங்கள் நாட்டின் பச்சை அட்டை, பன்னிரண்டு பெட்டி.

ஒரே தாள்.
மரக்கூழ் சேராத பருத்தித் தாள்.
எந்த மண்ணில் வெடித்த பஞ்சோ,
எல்லையில் நிறுத்தி
எத்தனை நாள் தங்குவாய் என்று அதைக் கேட்டவர் இல்லை.
ஒரே மூவிழை நூல். ஒரே பசை.
ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தராசில் வைத்தேன்:
முப்பத்து நான்கு கிராம் அது.
முப்பத்து நான்கு கிராம் இது.
"என்ன நிறுக்கிறாய், நியிமா?" என்றான் மேற்பார்வையாளன் யோஸ்ட்.
"ஒன்றுமில்லை" என்றேன்.
தராசும் அதைத்தான் சொன்னது.

பக்கத்து இருக்கை வீட்ஸ்கெ
வியாழன் இரவு நினைத்து வெள்ளி காலை பறந்தாள்.
ஏதோ ஒரு கடற்கரை.
எந்த நாடு என்றே இறங்கிய பிறகுதான் சரியாகத் தெரிந்ததாம்.
இரண்டு வாரம் கூடுதலாகத் தங்கி
மூக்குத்தோல் உரிய வந்து சேர்ந்தாள்.
திரும்பி வருவாயா என்று அவளை யாரும் கேட்கவில்லை,
அவள் அம்மாவைத் தவிர.

என் தம்பி செய்னி
செரகுண்டாவில் பல் மருத்துவரிடம் உதவியாள்.
என் மகளுக்குப் பெயர் வைக்கும் நாளுக்கு வரப் பார்த்தான்.
விண்ணப்பம் கொடுக்கவே வேறொரு நாடு போக வேண்டும்:
விடியலில் பாரா துறைக்குப் படகு,
ஆடுகளோடும் லாரிகளோடும்.
பிறகு டக்கார் வரை ஒரு முழுப் பகல்,
முழங்கால் முட்டும் வண்டியில்.
மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை,
உள்ளே சம்பளச் சீட்டு, நிலப்பத்திரம், கல்யாணப் படம்,
கட்டி முடித்த மின்கட்டண ரசீது.
ஊருக்குத் திரும்பிவிடுவான் என்பதற்கான சாட்சிகள்.
பெண் கேட்கப் போனபோதுகூட
மாமனார் இத்தனை கேட்கவில்லையாம்.

மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டு ஒரு தாள் கொடுத்தார்கள்.
வரிசையாய் அச்சிட்ட காரணங்கள்,
ஒன்றின் எதிரே மட்டும் பேனாவால் ஒரு டிக்:
திரும்பிச் செல்லும் எண்ணம் ஐயத்துக்குரியது.
அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
அன்றே புறப்பட்டான், மறுநாள் படகேறி வீடு சேர்ந்தான்.
திரும்பாதது கட்டிய பணம் மட்டும்.

ஊசி போன வழியே நூல் போகும் என்பார்கள்.
நான் ஊசி.
ஏழு ஆண்டு, ஒரு மொழித் தேர்வு,
நகரமன்றத்தில் ஒரு கைகுலுக்கல், ஒரு துண்டு கேக்.
இந்தப் பக்கம் வந்துவிட்டேன்.
தாள் மூடிக்கொண்டது.

மகளின் பாஸ்போர்ட் படம் ஆறு வாரத்தில் எடுத்தது.
வெள்ளைத் துணியில் கிடத்தி
அவள் கண் திறக்கும்வரை காத்திருந்தார் கடைக்காரர்.
அப்போது தலைகூட நிற்கவில்லை அவளுக்கு.
நூற்றெண்பது நாடுகள் எழுந்து நின்றன.

புற ஊதா விளக்கில் ஒவ்வொரு பக்கமும் சரிபார்க்க வேண்டும்.
அவர்கள் தாளில் ஒரு காட்டு வாத்து,
எங்கள் தாளில் ஒரு நாரை.
இரண்டும் ஒரே நீலத்தில் விழித்துக்கொள்கின்றன,
இரண்டுக்கும் இறக்கை விரிந்திருக்கிறது.
விளக்கை அணைத்தேன்.

இடைவேளையில் செய்னி அழைத்தான்.
"இன்னைக்கு யாரோடது தைக்கிற?"
"நம்மோடது."
கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்து ஜெனரேட்டர் மட்டும் பேசியது.
"அப்ப நூலை மிச்சம் பிடி அக்கா.
யாரு அதைப் புரட்டித் தேய்க்கப் போறா?"
சிரித்தான். நானும் சிரித்தேன்.

மணி அடித்தது.
ஒரு புத்தகத்துக்கு இருபத்து மூன்று தையல்,
எந்த நாடானாலும் கணக்கு அதுதான்.
இருபத்து மூன்றும் போட்டேன்.
முடிச்சை மட்டும்
ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்தேன்.